வீடும் ஏடும்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டும் ஒருவருடைய கைப்பொருளையும் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பவை என்பதை முன்னோர் பட்டறிந்து கூறினர். கல்யாணத்திற்கேனும் பெரியோர் முன்னின்று பேசுவர். மனையும் வீடும் வாங்கும்போதோ நம்மிற் பலர் தனியராகவே நிற்கின்றோம். ஐந்தாண்டுகள் தமிழ் பயின்று வெளியேறும் மாணவர் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தை அறிவர். ஒரு கிரயப் பத்திரத்தின் எழுத்தை அறியார். இக்குறை மாணவருடையதன்று, கற்பிக்கும் எம்மைச் சார்ந்தது.

சென்னையில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு விடுமுறையில் கோட்டையூருக்கு வந்திருந்தார். "ஐயா, ஊர்ப்பக்கம் மனை ஒன்று பார்த்திருக்கிறேன். நாளைக்கே முன்பணம் கேட்கிறார்கள். இப்போது விட்டால் விலை ஏறிவிடுமாம்" என்றார்.

"பத்திரம் பார்த்தாயா, தம்பி?" என்று கேட்டேன்.

"வில்லங்கம் எதுவும் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், ஐயா" என்றார்.

2024ஆம் ஆண்டில் காரைக்குடி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது கோட்டையூர்ப் பேரூராட்சியும் அதனுடன் இணைக்கப்பட்டது. 'மாநகராட்சி எல்லைக்குள் மனை' என்னும் சொல்லே விலையை உயர்த்தப் போதுமானதாயிற்று. இத்தகைய காலத்தில்தான் நிதானம் மிகுதியும் வேண்டப்படுகிறது. அம்மாணவருக்கு அன்று மாலை நான் எடுத்துரைத்தவற்றைச் சற்றே விரித்து இங்கு எழுதுகின்றேன். அதன் சாரம் ஒன்றே: நாம் விலை கொடுத்து வாங்குவது மண்ணையும் சுவரையும் என்று எண்ணுகின்றோம், உண்மையில் வாங்குவது உரிமையை. அவ்வுரிமை ஏட்டில் இருக்கிறது.

சேமிப்பும் முதலீடும்

செலவு போக எஞ்சுவது சேமிப்பு. அச்சேமிப்பை வருவாய் தரும் ஒன்றில் இடுவது முதலீடு. முன்னது இன்றிப் பின்னது இல்லை. வரவு சிறிதாயினும் செலவு அதனினும் பெருகாவிடில் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. 'பொருள் செயல்வகை' என ஓர் அதிகாரத்தையே வகுத்தவர் அவர்.

செட்டிநாட்டு நகரத்தாரிடம் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. திருமணமான மகனையும் மருமகளையும் அதே பெரிய வீட்டிற்குள் தனி அடுப்பு வைத்துத் தனிக் கணக்கோடு வாழச் செய்வர். கூரை ஒன்று, வரவு செலவு வேறு. தம்பதியர் இளமையிலேயே கணக்கெழுதிக் குடும்பம் நடத்தக் கற்கும் பள்ளி அது. முதற்சம்பளம் வாங்கும் இளைஞர் எச்சமூகத்தவராயினும் இவ்வழக்கத்தின் உட்பொருளைக் கைக்கொள்ளலாம். மாதந்தோறும் வரவையும் செலவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. ஆறு மாதக் குடும்பச் செலவுக்குரிய தொகை எப்போது வேண்டினும் எடுக்கத்தக்க நிலையில் இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு ஒன்று இருக்கட்டும். இவை அமையுமுன் மனைக்கு முன்பணம் கொடுப்பது அடித்தளம் இடாமல் மாடி எழுப்புவதாகும்.

எந்த முதலீட்டையும் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். போட்ட முதல் பத்திரமாக இருக்குமா? அது வருவாய் தருமா? வேண்டியபோது பணமாக மாறுமா? மூன்றுக்கும் 'ஆம்' என விடை தரும் முதலீடு உலகில் இல்லை. வங்கி வைப்புத்தொகை பாதுகாப்பானது. ஒரு வங்கியில் ஒருவருடைய வைப்புக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆனால் விலைவாசி உயர்வை அதன் வட்டி பெரிதும் விஞ்சுவதில்லை. தங்கம் எளிதில் பணமாகும். ஆயினும் நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் போய்விடும். பங்குகளும் பரஸ்பர நிதிகளும் நீண்ட காலத்தில் நல்ல வருவாய் தரக்கூடும். இடையில் சரியவும் சரியும். நிலம் கண்ணுக்குத் தெரிவது. ஆனால் அவசரத்திற்கு விற்க முடியாதது. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக மனையில் அரைச் செண்டை மட்டும் வெட்டி விற்க இயலுமா?

பேராசையை அளக்கவும் ஒரு கணக்கு உண்டு. 72 என்னும் எண்ணை ஆண்டு வருவாய் விழுக்காட்டால் வகுத்தால், முதல் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறக்குறையக் கிடைக்கும். 8 விழுக்காடு எனில் 9 ஆண்டுகள். 12 விழுக்காடு எனில் 6 ஆண்டுகள். இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்பாக்கித் தருவதாக ஒருவர் கூறினால், அவர் ஆண்டுக்கு 36 விழுக்காடு தருவதாகக் கூறுகிறார் என்பது பொருள். அத்தகைய வணிகம் எது என்று அவரையே கேட்க வேண்டும். 1990களில் தேக்கு மரத்தின் பெயரால் மக்களிடம் பணம் திரட்டிய 'அனுபவ்' நிறுவனம் 1998இல் வீழ்ந்தது. 2012இல் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டோர் கலங்கி நின்றனர். வைப்பீட்டாளர் நலனுக்கெனத் தமிழ்நாடு அரசு 1997இலேயே தனிச் சட்டம் இயற்றியது. எனினும் சட்டம் நம் பணத்தைத் தேடித் தரத் தொடங்குவது, பணம் போன பின்புதான்.

பர்மா தந்த பாடம்

நிலத்தை மட்டுமே நம்பியோர் நிலை என்னாகும் என்பதற்குச் செட்டிநாட்டு வரலாற்றிலேயே சான்று உள்ளது. கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளிலிருந்து கடல் கடந்து சென்ற நகரத்தார், கீழ்ப்பர்மாவின் நெல் உழவர்களுக்குக் கடன் வழங்கினர். பர்மாவில் அவர்கள் இட்டிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என 1929-30ஆம் ஆண்டின் பர்மா வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அவர்கள் நாடிய தொழில் கடன் வழங்குதலே. நிலம் வாங்குதல் அன்று.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை வீழ்ந்தது. உழவரால் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடாக எழுதப்பட்ட நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் வசம் இருந்தது 6 விழுக்காட்டு நிலம். 1938இல் அது 25 விழுக்காடாயிற்று. ஏட்டளவில் அவர்கள் பெருநிலக்கிழார். ஆனால் அந்நிலத்தை வாங்குவோர் இல்லை. 1937இல் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது உயிர் தப்பியதே பெரிதென நடந்தே ஊர் திரும்பியோர் பலர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா, நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது.

'நிலம் எங்கும் ஓடிப்போகாது' என்று மனை விற்போர் கூறுவர். உண்மைதான். பர்மாவிலும் நிலம் ஓடிப்போகவில்லை. உடையவர்களே ஓடிவர நேர்ந்தது. முதலையெல்லாம் ஒரே இடத்தில், ஒரே வகையில் முடக்கலாகாது என்னும் பாடத்தை அவர்கள் பெருவிலை கொடுத்துக் கற்றனர். காலத்தே வேறு துறைகளிலும் கால் ஊன்றியவர்கள் தாக்குப்பிடித்தனர். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கப்பெற்ற இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இன்றும் நிலைத்திருப்பது அதற்கொரு சான்று.

வளவு வீடுகள் கூறுவது

அப்பொருளில் ஒரு பகுதியைக் கொண்டு கட்டிய வீடுகள் இன்றும் நம் தெருக்களில் நிற்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலிச் சலவைக்கல், ஆத்தங்குடிப் பூக்கற்கள், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் மாளிகைகள் அவை. பார்ப்பதற்கு வந்தவர் வியந்து நிற்பர். பக்கத்தில் வாழும் நாம் வேறொன்றையும் காண்கிறோம். பல வீடுகள் ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கின்றன.

தாத்தா கட்டிய வீடு பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் பொதுவாக இறங்கி வந்துள்ளது. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உள்ளனர். ஒவ்வொருவருக்கும் ஓர் அறையளவே பங்கு. ஒழுகும் கூரையைச் செப்பனிடுவதற்கு எல்லாரும் பணம் தர வேண்டும். விற்பதற்கு எல்லாரும் கையொப்பமிட வேண்டும். ஒருவர் இசையாவிடினும் வீடு அப்படியே நிற்கும். முடிவில் சில வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் பீங்கானும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருட் கடைகளில் தனித்தனியே விலையாகின்றன.

வீடு எத்துணை வலிமையாகக் கட்டப்பட்டிருப்பினும், பங்கு பிரித்து எழுதப்படாத உரிமை அதனைத் தளர்த்திவிடுகிறது என்பதை இவ்வீடுகள் காட்டுகின்றன. இது செல்வர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. நான்கு செண்டு மனைக்கும் இதே சிக்கல் நேரும். அதற்குச் சான்றாக எங்கள் வீட்டுக் கதையையே கூறுகின்றேன்.

என் தந்தையார் வாங்கிய மனை

என் தந்தையார் மலேசியாவில் ஒரு கடையில் 22 ஆண்டுகள் பணிபுரிந்தவர். 1994இல் ஊர் திரும்பினார். 1996இல், தம் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து 4 செண்டு மனை வாங்கினார். விற்றவர்கள் உடன்பிறந்த இருவர். எங்களைப் போன்றே முஸ்லிம் குடும்பத்தினர். மனை அவர்களுடைய காலஞ்சென்ற தந்தைக்குரியது. தாயும் முன்பே இறந்திருந்தார். மூலப்பத்திரம் இருந்தது. வில்லங்கச் சான்று தூய்மையாக இருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முறைப்படி கிரயம் பதிவாயிற்று. வேறென்ன வேண்டும் என்று நாங்கள் எண்ணினோம்.

2007இல் வீடு கட்ட வானம் தோண்டியபோது வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்று வந்தது. விற்றவர்களுக்கு ஒரு தங்கை இருந்தார். தொலைவில் ஓர் ஊரில் மணமாகிச் சென்று, இரு பெண்மக்களோடு கைம்பெண்ணாகியவர். தந்தையின் மனை விற்கப்பட்டதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இஸ்லாமியப் பாகப்பிரிவினையின்படி இரண்டு ஆண்மக்களும் ஒரு பெண்ணும் இருப்பின், பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு. அவர் கையொப்பம் இல்லாத அப்பத்திரத்தால் எங்களுக்கு வந்து சேர்ந்தது ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே.

வழக்காடலாம், ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம் என்று அறிவுரை கூறியோர் இருந்தனர். என் தந்தையார் மறுத்துவிட்டார். "அந்தப் பிள்ளையோட பங்கு என் வீட்டுச் சுவத்துக்குள்ள இருக்கக் கூடாது" என்றார். அன்றைய விலைக்கு அவருடைய பங்கிற்குரிய தொகையைக் கொடுத்து, அவரிடமிருந்தும் கிரயம் எழுதிப் பெற்றார். பதினோர் ஆண்டுகளில் விலை பல மடங்கு உயர்ந்திருந்தது. அம்மாவின் நகையில் எட்டுப் பவுன் போயிற்று. முனைவர் பட்ட ஆய்வுக்கென நான் சேர்த்திருந்த தொகையும் அதனுடன் போயிற்று. வீடு ஈராண்டு தாமதமாக எழும்பியது. எனது கல்வி ஆய்வியல் நிறைஞர் பட்டத்தோடு நின்றது. அதற்காக இன்று நான் வருந்தவில்லை. ஆயினும், வட்டாட்சியர் அலுவலகம் தரும் வாரிசுச் சான்று ஒன்றை 1996இல் கேட்டுப் பார்த்திருந்தால் இவற்றுள் எதுவும் நேர்ந்திராது.

இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்று. வில்லங்கச் சான்று பொய் கூறவில்லை. பதிவு அலுவலகத்தில் பதிவானவற்றை மட்டுமே அது காட்டும். ஒரு மகள் பிறந்தது அங்குப் பதிவாவதில்லை.

ஏடுகளைப் படிக்கும் முறை

மனையோ வீடோ வாங்கக் கருதும் புதியவர், பின்வருவனவற்றை வரிசையாக நோக்குதல் நலம்.

முதலாவது, மூலப்பத்திரம். விற்பவருக்கு அச்சொத்து எவ்வாறு வந்தது, அவருக்கு விற்றவருக்கு எவ்வாறு வந்தது எனக் குறைந்தது 30 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் காரணம் கேட்க வேண்டும். நகலைக் கண்டு அமைதி கொள்ளலாகாது. அசலைக் காண வேண்டும். அசல் இல்லையெனில் அது எங்கேனும் அடகில் இருக்கக்கூடும்.

இரண்டாவது, வில்லங்கச் சான்று. விற்பவர் தரும் தாளை ஏற்காமல் நாமே எடுக்க வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே இதனைக் காணலாம்.

மூன்றாவது, வாரிசுரிமை. சொத்து இறந்தவர் ஒருவர் வழியாக வந்திருப்பின் வாரிசுச் சான்றைப் பெற்று, அதிலுள்ள ஒவ்வொருவரும் கையொப்பமிடுகின்றனரா என நோக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் இருப்பின் நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும். 'பெண்பிள்ளைகளுக்குச் சீர் செய்துவிட்டோம், பங்கு கிடையாது' என்னும் பேச்சு சட்டத்தின் முன் நில்லாது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்பதைத் தமிழ்நாடு 1989 முதலே இந்துக் குடும்பங்களுக்குச் சட்டமாக்கியது. 2005இல் நாடு முழுமைக்கும் அது விரிந்தது. இஸ்லாமியரிடம் மகளின் பங்கு திருமறையிலேயே வகுக்கப்பட்டுள்ளது.

நான்காவது, பட்டாவும் புலப்படமும். பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவு. அது மட்டுமே முழு உரிமைச் சான்றாகாது. ஆயினும் பத்திரத்திலுள்ள பெயரும் பரப்பும் புல எண்ணும் பட்டாவோடு ஒத்திருத்தல் வேண்டும். 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது நேர்ந்த பெயர்ப் பிழைகளும் பரப்புப் பிழைகளும் இன்றளவும் பலரை அலுவலகங்களுக்கு அலையவைக்கின்றன. வாங்குமுன் அவற்றைத் திருத்தித் தருமாறு விற்பவரிடம் கேட்பது எளிது. வாங்கிய பின் நாம் திருத்துவது அரிது.

ஐந்தாவது, மனைப்பிரிவின் ஒப்புதல். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் பின்னரே பல்லாயிரம் பேர் தாங்கள் வாங்கியது வரைபடத்தில் இல்லாத மனை என்பதை அறிந்தனர். வயலில் கல் நட்டு வண்ணக்கொடி கட்டினால் அது மனைப்பிரிவாகிவிடாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணைக் கேட்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்டோ அமையும் திட்டம், 2016ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். அத்தகைய திட்டத்தில் பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்குவதற்குச் சட்டம் இடந்தரவில்லை.

ஆறாவது, பவர் பத்திரம். விற்பவர் உரிமையாளரா, அவருடைய அதிகாரம் பெற்ற முகவரா என நோக்குக. முகவராயின், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருப்பதையும் அதனை நீக்கிவிடாதிருப்பதையும் உறுதி செய்க. கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அவ்வதிகாரமும் முடிந்துவிடும். கிரயம் எழுதாமல் பவர் பத்திரத்தை மட்டுமே வாங்கி வைத்துக்கொண்டால் சொத்து நமக்கு உரியதாகாது என்று உச்சநீதிமன்றம் 2011இல் தெளிவுபடத் தீர்ப்பளித்தது.

ஏழாவது, நிலத்தை நேரில் காணுதல். நில அளவரைக் கொண்டு நான்கெல்லைகளையும் அளக்க வேண்டும். ஒரு செண்டு என்பது 435.6 சதுர அடி. அறுபது அடி நீளமுள்ள எல்லையில் ஓரடி அகலம் குறைந்தாலே 60 சதுர அடி போய்விடும். பாதை யாருடையது, மழைநீர் எவ்வழி வடியும் எனக் கேட்க வேண்டும். நம் பகுதி கண்மாயும் ஊருணியும் நிறைந்தது. வெயில் காலத்தில் மேடாகத் தோன்றும் இடம் ஐப்பசி மழையில் தன் பழைய பெயரை நினைவுபடுத்தும். ஆகவே மழைக்காலத்தில் ஒருமுறை சென்று காண்க. நீர்நிலைப் புறம்போக்கு, கோயில் நிலம், வக்பு நிலம் ஆகியன எவர் விற்றாலும் வாங்கத்தக்கன அல்ல.

எட்டாவது, பணம் கொடுக்கும் முறை. அசையாச் சொத்திற்கென 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுதலை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியே கொடுப்பதே நமக்கும் காப்பு. பத்திரத்தில் விலையைக் குறைத்தெழுதி மிச்சத்தைக் கையில் தரச் சொல்வோருக்கு இணங்கினால், நாளை நம் பணத்திற்கு நம்மிடமே சான்று இராது.

இவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துரை பெறச் சில ஆயிரங்கள் செலவாகலாம். பல இலட்சத்திற்கு அதுவே வேலி.

கடனும் கணக்கும்

மனையின் விலையே முழுச் செலவன்று. தமிழ்நாட்டில் கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 30 இலட்சம் ரூபாய் வீட்டிற்கு இவை மட்டும் 2 இலட்சத்து 70 ஆயிரம் ஆகின்றன. 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்து மகளிர் பெயரில் பதிவாகுமானால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. 30 இலட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்தின் மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கிகள் தரலாம். ஆக, விலையில் பத்தில் ஒரு பங்கும் பதிவுச் செலவும் நம் கையில் இருந்தாக வேண்டும்.

கடனின் கணக்கைக் காண்போம். 20 இலட்சம் ரூபாயை 9 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 17,995 ரூபாய். முதல் மாதத் தவணையில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது மூவாயிரத்திற்கும் குறைவு. 20 ஆண்டுகளில் நாம் கட்டுவது ஏறக்குறைய 43 இலட்சத்து 19 ஆயிரம். அதே கடனை 15 ஆண்டுகளில் அடைப்பதாயின் தவணை 20,285 ரூபாய். மொத்தம் 36 இலட்சத்து 51 ஆயிரம். மாதம் 2,290 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் ஆறரை இலட்சத்திற்கு மேல் மிச்சமாகிறது. மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் 2012ஆம் ஆண்டு ஆணை. கையில் வரும் போனசுத் தொகையை அசலில் கட்டுவோர் விரைவில் கரையேறுவர்.

வட்டியினின்று விலகி நிற்க விழையும் குடும்பங்கள் நம்மிடையே பல உள. வட்டியில்லா வங்கி முறை குறித்த ஆய்வை மேற்கொண்டு தொடர்வதில்லை என இந்திய ரிசர்வ் வங்கி 2017இல் முடிவெடுத்தமையால் அவர்கள் வழி சற்று நீண்டது. முதலில் மனை, சில ஆண்டு கழித்து ஓர் அறையும் அடுக்களையும், பின்னர் மாடி எனப் படிப்படியாகக் கட்டுதல் ஒரு வழி. உறவினரிடம் அழகிய கடன் பெறுதல், பைத்துல்மால் உதவியை நாடுதல், விற்பவரிடமே தவணை பேசுதல் ஆகியன பிற வழிகள். இவற்றுள் எதுவாயினும் எழுத்தில் அமைதல் வேண்டும். உறவில் கொடுக்கும் கடனுக்குத் தாள் எதற்கு என்று நாணுவோர், பின்னாளில் கடனையும் உறவையும் சேர்த்தே இழக்கின்றனர்.

வாடகை வீட்டில் வாழ்வது தாழ்வென எண்ணுவதும் தவறு. 30 இலட்சம் மதிப்புள்ள வீட்டிற்கு மாதம் 7,000 ரூபாய் வாடகை எனில், ஆண்டு வாடகை விலையில் 3 விழுக்காட்டிற்கும் குறைவு. ஓரிரு ஆண்டுகளில் பணி மாற்றம் வரக்கூடிய இளைஞர் கடன் பட்டு வீடு வாங்குவதினும், வாடகைக்கு இருந்து மிச்சத்தை முதலிடுவதே மேல். ஓரிடத்தில் நிலைத்து வாழ்வோர்க்கும், மாதத் தவணை வருவாயில் மூன்றிலொரு பங்கிற்கு மிகாதவர்க்கும் சொந்த வீடு நற்பயன் தரும். குடியிருக்கும் வீட்டை முதலீடென்று கணக்கிடாமல் குடும்பத்தின் நிழலென்று கொள்வதே பொருந்தும்.

நிறைவாக

திருக்குர்ஆனின் வசனங்களுள் மிக நீண்டது, அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளுதல், எழுதுபவர் நேர்மை, சாட்சிகள் ஆகியவை பற்றியே அது பேசுகின்றது. மனிதரின் நினைவும் நல்லெண்ணமும் மாறக்கூடியன என்பதனால் அன்றோ இத்துணை விரிவு! நகரத்தாரும் பேரேடு, ஐந்தொகை என ஒவ்வொரு காசையும் எழுதி வைத்தே தம் வணிகத்தை வளர்த்தனர். சமயம் வேறாயினும் கணக்கின் ஒழுக்கம் ஒன்றே.

ஏட்டின் அருமையை உலகறியச் செய்த ஒருவர் இதே கோட்டையூரில் வாழ்ந்தார். பிறர் வேண்டாமென எறிந்த நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் வாழ்நாள் முழுதும் தேடித் தொகுத்த ரோஜா முத்தையா அவர்கள் 1992இல் மறைந்தார். அவர் வீட்டில் இருந்த தாள்களே சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நூலகமாயின. நாம் அத்துணை ஏடுகளைத் தொகுக்க வேண்டியதில்லை. நம் வீட்டிற்குரிய ஐந்தாறு ஏடுகளைப் படித்து, ஒழுங்குறுத்தி, அவை எங்குள்ளன என்பதை மனைவி மக்களுக்கும் சொல்லி வைத்தால் போதும்.

முன்பணம் கொடுக்க வந்த அம்மாணவர் மறுநாள் பணம் கொடுக்கவில்லை. வாரிசுச் சான்று கேட்டார். 'இத்தனை சந்தேகப்படுகிறவருக்கு மனை இல்லை' என்று கூறி அனுப்பிவிட்டார்களாம். வருத்தத்தோடு தொலைபேசியில் சொன்னார். "வருந்தாதே தம்பி, மனை போனால் வேறு மனை கிடைக்கும்" என்றேன். ஆறு மாதம் கழித்து வேறோரிடத்தில், நான்கு அக்கா தங்கையரும் வந்து கையொப்பமிட்ட மூன்றரைச் செண்டு மனையைப் பதிவு செய்துகொண்டு, அப்பத்திரத்தின் நகலோடு என் வீட்டிற்கு வந்தார். இருவரும் திண்ணையில் அமர்ந்து அதனை முதலெழுத்து முதல் இறுதிவரை ஒருமுறை படித்தோம்.